கிரேக்கர் வாயில் கண்டது வேலூருக்குப் பொருந்துமா?

வாசகர் கேள்விகள் – பல் மருத்துவர் பதில்கள்

ஏதென்ஸ் நகரில் நீரிழிவு நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சை அளித்தபின் அவர்களுடைய இரத்தச் சர்க்கரை குறைந்ததாகக் காட்டிய ஓர் ஆய்வைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கப்படுகிறது.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரை 8.4. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வருகிறது. தங்கள் குறிப்பைப் படித்த என் மகள், பல்லைச் சுத்தம் செய்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்கிறாள். கிரேக்கர்கள் ஆலிவ் எண்ணெயும் மீனும் சாப்பிடுகிறவர்கள். நாமோ மூன்று வேளையும் அரிசி. அவர்களுக்கு நடந்தது நமக்கு நடக்குமா?
– வாசகர், காட்பாடி

ஐயா, எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு குறைகிறது என்பது தெரியாமல் ‘குறைகிறதாம்’ என்று மட்டும் பேசிக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் பலருக்கும் பின்னால் ஏமாற்றம் வருகிறது. 2011-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவும் மிதமான அல்லது முற்றிய ஈறு நோயும் சேர்ந்திருந்த 60 பேர் பங்கேற்றனர். அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஈறுக்கு அடியில் வேர்வரை படிந்திருந்த காரையை (இறுகிப்போன அழுக்கை) அகற்றும் முழுச் சிகிச்சை அளித்தார்கள். மற்றப் பிரிவினருக்கு வெளியே தெரியும் பகுதியை மட்டும் சுத்தம் செய்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு முதற்பிரிவில் 0.72 புள்ளியும் இரண்டாம் பிரிவில் 0.13 புள்ளியும் குறைந்திருந்தது. அதே அளவு தங்களுக்கும் இறங்குவதாக வைத்துக்கொண்டால், 8.4 என்பது ஏறக்குறைய 7.7 ஆகும். இது அலட்சியப்படுத்தக்கூடிய இறக்கம் அன்று. ஆனால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்லும் இறக்கமும் அன்று.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். அமெரிக்காவில் ஐந்து மையங்களில் 514 பேரை வைத்து நடத்தி 2013-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சர்க்கரையில் பயனுள்ள வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. 60 பேரை வைத்துச் செய்த ஆய்வா, 514 பேரை வைத்துச் செய்த ஆய்வா என்று கேட்டால், எண்ணிக்கை பெரிதாக உள்ளதன் பக்கமே எவரும் சாய்வர். ஆனால் அந்த அமெரிக்க ஆய்வைப் பல் மருத்துவத் துறையினர் பலர் குறை கூறினர். சிகிச்சை முடிந்த பிறகும் பெரும்பாலோருடைய பற்களில் அழுக்குப் படலம் மிகுதியாகவே இருந்தது; அதாவது ஈறு நோயே சரியாக அடங்கவில்லை, அடங்காத நோயிலிருந்து சர்க்கரை எப்படி இறங்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அந்த வாதம் நியாயமாகவே படுகிறது. பின்னர் இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி 2022-இல் காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மறுஆய்வு, 35 ஆய்வுகளைக் கணக்கில் கொண்டு, ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 புள்ளியும், ஆறு மாதத்தில் 0.30 புள்ளியும் குறைகிறது என்று முடிவு கூறியது. ஆகவே ஏதென்ஸின் 0.72-ஐ விட, இந்த 0.3 முதல் 0.4 வரையிலான அளவையே தாங்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, தங்களுடைய அரிசி–ஆலிவ் கேள்விக்கு வருகிறேன்; உண்மையில் கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி இதுதான். அந்த ஆய்வில் இரு பிரிவினரும் கிரேக்கர்களே. இரு பிரிவினரும் ஒரே வகை உணவையே உண்டனர். உணவுதான் சர்க்கரையைக் குறைத்தது என்றால் அது இரு பக்கமும் ஒரே அளவில் குறைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகக் குறைந்ததற்கு, அந்தப் பக்கத்தில் மட்டும் செய்த ஈறு சிகிச்சையே காரணம் என்று சொல்ல இடமுண்டு; குலுக்கல் முறையில் பிரிப்பதன் பயனே இதுதான். ஈறில் நாட்பட்ட அழற்சி இருக்கும்போது அங்கே உண்டாகும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து, இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. இந்த வழிமுறை ஏதென்ஸிலும் காட்பாடியிலும் ஒன்றேதான். மாறுவது பயனின் அளவு: சர்க்கரை எந்த நிலையில் இருக்கிறது, ஈறு நோய் எவ்வளவு ஆழம், புகைப் பழக்கம் உண்டா, சிகிச்சைக்குப் பின் வீட்டில் எவ்வளவு ஒழுங்காகத் துலக்குகிறார் என்பவற்றைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு நாட்டாருக்கும் இன்னொரு நாட்டாருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும், ஒரே ஊரில் ஒரே வேலை செய்கிறவர்களுக்குள் உள்ள வேறுபாடு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு நமக்கு மிக நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970 முதல் 15 ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, நார்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்னும் பல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1986-இல் முடிவுகளை வெளியிட்டனர். மலையகத் தோட்டங்களில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் வம்சாவளியினர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பல் துலக்கும் வழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாதிருந்த அவர்கள் எல்லோருடைய வாயிலும் அழுக்குப் படலமும் ஈறு வீக்கமும் இருந்தன. ஆயினும் 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. ஒரே மலை, ஒரே உணவு, ஒரே வாழ்க்கை. விளைவு மூன்று விதம். தாங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்பதைக் கிரேக்க ஆய்வு சொல்லாது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுக்கம்பி விட்டு ஆழம் பார்க்கும் பல் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

செய்ய வேண்டியது இது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, தங்களுக்கு அருகிலுள்ள வேறு பல் பிரிவிலோ காட்டுங்கள். போகும்போது சமீபத்திய சர்க்கரைச் சீட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். காலை உணவையும் வழக்கமான மாத்திரையையும் தவிர்க்காமல் செல்வது முக்கியம். பல் மருத்துவரிடம் போகிறோம் என்று வெறும் வயிற்றோடு வந்து, நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி வியர்த்து மயங்குகிறவர்கள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை ஏதேனும் சாப்பிட்டால், அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய கணக்கே அதில் பெரும்பகுதி இருக்கும். தங்கள் மகளிடம், அவர் சொன்னது பெரும்பாலும் சரி என்று நான் எழுதியதாகச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் இளம் வயதிலிருந்தே பீடி பிடிக்கிறார்; பாக்கும் போடுவார். அவருக்கு ஈறில் இரத்தம் வருவதே இல்லை. அப்படியானால் அவருக்கு ஈறு நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– பீடி சுற்றும் தொழிலாளி, குடியாத்தம்

எடுத்துக்கொள்ள முடியாது, அம்மா. புகையிலைப் புகை ஈறிலுள்ள நுண் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதனால் நோய் உள்ளே முற்றிக்கொண்டிருந்தாலும் இரத்தக் கசிவு என்னும் எச்சரிக்கை வெளியே தெரிவதில்லை. புகைப்பவருக்குச் சிகிச்சை செய்தாலும் ஈறு ஆறுவது தாமதமாகும். ஐரோப்பாவில் புகைப்பவர்கள் மிகுந்த நாடுகளில் கிரேக்கமும் ஒன்று என்பதால் புகையைப் பொறுத்தவரை அந்நாட்டு நோயாளிகளுக்கும் நம்மவர்களுக்கும் வேறுபாடு குறைவு.

பாக்கு விஷயத்தில் அப்படியில்லை. கிரேக்கர்கள் பாக்கு மெல்லுகிறவர்கள் அல்லர். எனவே அவர்களுடைய வாயை எவ்வளவு ஆராய்ந்தாலும் பாக்கினால் வரும் கேட்டை அங்கே காண முடியாது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார் நாராக இறுகி, நாளடைவில் வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல் இருக்கும். அவருடைய மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அவர் வாயில் நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். நுழையவில்லை என்றால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். இதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள வேண்டாம்.

எங்கள் பக்கத்து யுனானி மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி விற்கிறார்கள். அது கிரேக்க நாட்டுப் பிசின் என்றும், அதை மென்றால் பல் ஈறு உறுதிப்படும் என்றும் சொல்கிறார்கள். அங்கே அதற்கு ஆராய்ச்சி உண்டா?
– வாசகர், வாணியம்பாடி

உண்டு, ஆனால் கடையில் சொல்லும் அளவுக்கு இல்லை. பிஸ்தா, முந்திரி, மாங்காய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குறுமரத்தின் பட்டையைக் கோடையில் கீறிவிட்டு, வடிந்து உறையும் கண்ணீர்த்துளி போன்ற பிசினைச் சேகரிப்பதே மஸ்தகி. கிரேக்க நாட்டைச் சேர்ந்த கியோஸ் தீவின் தென்பகுதிக் கிராமங்களே அதற்குப் பெயர்பெற்ற இடம். அப்பெயரில் விற்கும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் அவ்விடத்துக்கே உரியதாகப் பாதுகாத்தது. அதைப் பயிரிடும் மரபறிவை யுனெஸ்கோ 2014-இல் மானுடப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. நம் ஊர் ஹகீம்கள் (யுனானி வைத்தியர்கள்) ஜவாரிஷ் மஸ்தகி என்று தரும் லேகியத்தில் சேர்வதும் இதுதான். அதை அவர்கள் தருவது வயிற்றுக் கோளாறுக்கு.

வாயைப் பொறுத்தவரை, மஸ்தகியை மெல்லுவதால் பல் மேல் படியும் அழுக்கு குறைகிறதா என்பதைக் கிரேக்க ஆய்வாளர்கள் 1980-களிலேயே பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 2003-இல் வெளியான முன்னோடி ஆய்வில், 20 பேரை 7 நாள் பல் துலக்காமல் இருக்கச் செய்து, சிலருக்கு மஸ்தகி சூயிங்கமும் சிலருக்குச் சாதாரணச் சூயிங்கமும் மெல்லக் கொடுத்ததில், மஸ்தகி மென்றவர்களுக்கு அழுக்கும் ஈறு வீக்கமும் குறைவாக இருந்தன. சிலரே பங்கேற்ற, சில நாளே நீடித்த ஆய்வு அது. அதுவும் பல் துலக்காதவர்களிடம் செய்தது. நாள்தோறும் துலக்குகிறவருக்கு மஸ்தகி கூடுதலாக என்ன தரும் என்பது அதிலிருந்து தெரியாது. ஐரோப்பிய மருந்து முகமையும் மஸ்தகியை மரபுவழிப் பயன்பாட்டின் அடிப்படையில் இலேசான அசீரணத்துக்கும் தோலில் வரும் சிறு அழற்சி, காயங்களுக்கும் மட்டுமே ஏற்றுக்கொண்டுள்ளது. ஈறு நோய் அந்தப் பட்டியலில் இல்லை.

சர்க்கரை சேராத எதை மென்றாலும் உமிழ்நீர் நன்றாக ஊறும். அது பல்லுக்கு நல்லதே. அசல் மஸ்தகி விலை மிகுந்த பொருள். அந்தப் பணத்துக்கு ஈறுக்கு அடியில் இறுகிப்போன காரையை ஒருமுறை அகற்றிக்கொள்வதே பயனுள்ளது என்பது என் கருத்து. எந்தப் பிசினாலும் அந்தக் காரையைக் கரைக்க முடியாது.

என் மகனுக்கு ஐந்து வயது. பால் பற்கள் நான்கு சொத்தையாகிவிட்டன. கிரேக்கப் பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவு என்று படித்தேன். பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கலாமா?
– வாசகி, ஆற்காடு

குறைவு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2003–04-இல் கிரேக்கம் முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், 5 வயதுப் பிள்ளைகளில் 64 விழுக்காட்டினருக்குச் சொத்தை இல்லை. 12 வயதில் சொத்தை இல்லாதவர் 37 விழுக்காடாகவும், 15 வயதில் 29 விழுக்காடாகவும் குறைந்தனர். ஏறக்குறைய அதே காலத்தில், 2002–03-இல் இந்தியாவில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 5 வயதில் 51.9, 12 வயதில் 53.8, 15 வயதில் 63.1 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: 5 வயதில் நம் பிள்ளைகளுக்குச் சொத்தை அதிகம், 12 வயதுக்கு வந்தால் கிரேக்கப் பிள்ளைகளுக்கே அதிகம். இரு கணக்கெடுப்புகளின் முறையும் முற்றிலும் ஒன்றல்ல என்பதால் இந்த ஒப்பீட்டை மிகவும் நீட்டக் கூடாது. மேலும் இத்தகைய கணக்கில் சொத்தையான பல், பிடுங்கிய பல், அடைத்த பல் மூன்றும் சேர்த்தே எண்ணப்படும். அடைத்துச் சரிசெய்த பல்லும் வலியோடு விட்டுவைத்த பல்லும் காகிதத்தில் ஒரே எண்தான். நம் நாட்டில் அந்த எண்ணின் பெரும்பகுதி சிகிச்சையே பெறாத சொத்தையாக இருப்பதுதான் வருத்தத்துக்குரியது.

பெரியவர்கள் சொல்வதை இந்த ஒன்றில் கேட்க வேண்டாம். பால் கடைவாய்ப் பற்கள் 10, 11 வயதுவரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின்னால் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும். அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டப் பரிசோதனையில் பல் சொத்தையும் பார்க்கப்படுகிறது. அதில் பரிந்துரைச் சீட்டு தந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கிரேக்க நாட்டில் மக்கள்தொகைக்கு ஏற்ற பல் மருத்துவர் எண்ணிக்கை ஐரோப்பாவிலேயே முன்வரிசையில் இருந்தும், செலவைப் பெரும்பாலும் மக்களே தம் கைப்பணத்தில் செய்ய வேண்டியிருந்ததால் பலர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டனர். 2023-இல்தான் 6 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு 40 யூரோ மதிப்புள்ள பல் சிகிச்சைச் சீட்டை அந்நாட்டு அரசு வழங்கத் தொடங்கியது.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கிவரும் பழைய வினா-விடைத் தொகுப்பு ஒன்றில், மென்மையும் இனிப்புமான அத்திப்பழம் பல்லைக் கெடுப்பது ஏன் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதன் பிசுபிசுப்பினால் பல் இடுக்குகளில் புகுந்து அழுகச் செய்வதால் இருக்கலாம் என்பது விடை. கேள்வி-பதில் பகுதி எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு பழைய முன்னோடி இருப்பது எனக்கு மகிழ்ச்சி. கிருமிகளைப் பற்றி ஒன்றும் அறியாத காலத்திலேயே ஒட்டிக்கொள்ளும் இனிப்பைச் சரியாகக் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊர் மக்கன் பேடாவைப் பிள்ளைக்கு அறவே மறுக்க வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து, பின்னர் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் அடக்கிக்கொள்ளும் மிட்டாயும், இரவில் புட்டிப் பாலோடு தூங்குவதும்தான் பெருங்கேடு.

எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரால் பல் பழுப்பாகிறது என்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகள் ஃபுளோரைடு பற்பசை நல்லது என்கின்றன. எதை நம்புவது?
– வாசகர், திருப்பத்தூர் அருகே

இரண்டும் உண்மை. பல் மேல் தடவித் துப்பும் ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கும்; பல் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், தண்ணீரோடு அளவுக்கு மீறி உள்ளே போகும் ஃபுளோரைடு எனாமலைப் பழுப்பாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பதே ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர வரம்பு. உங்கள் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊரானால் சிறுவர்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். பற்பசை மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும், விழுங்கவிடக் கூடாது. ஏற்கெனவே ஏறிய கறையைச் செங்கல் பொடியாலும் கரியாலும் தேய்த்து எடுக்க முயல வேண்டாம், எனாமல்தான் தேயும்.

டாக்டர், நான் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கடைவாய்ப் பல் வலிக்கிறது. ஆனால் ஊசியை நினைத்தாலே கை நடுங்குகிறது. இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கிரேக்கப் பெண்களுக்கும் இப்படிப் பயம் உண்டா?
– வாசகி, ஆம்பூர்

உண்டு, அம்மா, அதை அளக்கவும் செய்திருக்கிறார்கள். நாளை பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால், காத்திருக்கும் அறையில், பல்லைக் குடையும்போது, பல்லைச் சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது – இந்த ஐந்து நேரங்களில் எவ்வளவு பதற்றம் வரும் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடும் அளவுகோல் ஒன்று 1995-இல் உருவானது. அதற்கு முன்பிருந்த அளவுகோலில் நான்கு கேள்விகளே இருந்தன. ஊசியைப் பற்றிய ஐந்தாவது கேள்வியைப் பின்னர்ச் சேர்த்தார்கள் என்பதிலிருந்தே, உங்கள் பயம் எவ்வளவு பொதுவானது என்பது விளங்கும். கிரேக்க மொழியில் அந்த அளவுகோல் சரியாக வேலை செய்கிறது என்று 2008-இலும், தமிழில் அவ்வாறே வேலை செய்கிறது என்று 2012-இலும் ஆய்வுகள் வெளியாயின. மொத்தம் 25-க்கு 19-உம் அதற்கு மேலும் வந்தால் கடும் பயம் என்று கொள்வார்கள். அது சிரிக்க வேண்டிய விஷயமன்று. மருத்துவர் தம் முறையை மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம்.

உங்கள் மதிப்பெண்ணை நீங்களே ஒரு தாளில் போட்டு, உள்ளே சென்றதும் முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதைத் தாள் சொல்லிவிடும். முதல் நாள் பார்த்துப் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசி போடும் இடத்தில் மரத்துப்போகும் களிம்பை முன்னதாகத் தடவச் சொல்லுங்கள்; கையை உயர்த்தினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தில், முதல் ஆளாகப் போவது நல்லது. காத்திருக்கும் நேரத்தில்தான் பயம் வளர்கிறது. தள்ளிப்போடத் தள்ளிப்போட, அடைத்தால் தீர்ந்திருக்கும் பல்லுக்கு வேர் சிகிச்சை தேவைப்படும். அதற்கும் ஊசி உண்டு. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கடினமாக இருந்தாலோ, நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். உடன் யாரையாவது அழைத்துச் செல்லுங்கள்.